சிங்கப்பூரிலிருந்து முதல் ஹாம் ரேடியோ போட்டி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் ஒரு ஹாம் ரேடியோ போட்டியில் உட்கார்ந்தது 2019 தீபாவளி அன்று. ஹாம் ரேடியோ என்பது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்கள் வானொலி நிலையங்களிலிருந்து ஒருவரோடொருவர் பேசும் பொழுதுபோக்கு; போட்டி என்றால், குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை அதிக நிலையங்களோடு தொடர்பு கொள்வது. அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கையும் எடுத்துக்கொண்டு, கிளப் நண்பர் ஒருவரின் தரைவீட்டுக்குப் போனேன். முந்தின நாள் காலையிலிருந்து அங்கே இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்ட அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “தம்பி, பேசுறது கடைசி வேலை. முதல்ல கேளு.”

கிளப்பில் சேரும் புதியவர்கள், இந்தப் போட்டியில் சிங்கப்பூரில் முதலிடம், அந்தப் போட்டியில் சான்றிதழ் என்றெல்லாம் கேள்விப்பட்டுவிட்டு, அதில் தங்களுக்கு என்ன இடம் என்று தெரியாமல் தயங்கி நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உரிமம்

முதலில் இதை முடித்துவிடுவோம். சிங்கப்பூரில் ஹாம் நிலையத்துக்கு உரிமம் தருவது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். தேர்வில் தேறி உரிமம் வாங்கினால்தான் ஒலிபரப்பலாம். தேர்வில் மின்னியல் அடிப்படையும் விதிமுறைகளும் கேட்பார்கள். அறிவியல் பாடம் ஓரளவு நினைவிருப்பவர் முறையாகப் படித்தால் தேறிவிடலாம். உங்கள் நிலையத்தை அடையாளம் காட்டும் அழைப்புக்குறி பெரும்பாலும் 9வி1 என்று தொடங்கும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாக்கி டாக்கி வாங்கி, உரிமம் வருவதற்குள் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டாம். இங்கே அது குற்றம். காத்திருக்கும் காலத்தில் கேட்கலாமே! சிற்றலை வாங்கி (ரிசீவர்) ஒன்றில் கேட்கலாம். அது இல்லாவிட்டால், உலகின் பல மூலைகளில் இருக்கும் வாங்கிகளை இணையம் வழியாகவே திருப்பிக் கேட்கும் வசதி இலவசமாக இருக்கிறது. இரவு 8 மணிக்கு 14.320 மெகாஹெர்ட்சில் தென்கிழக்காசிய நிலையங்கள் கூடும் ‘சீநெட்’ வலை புதியவர் காதுக்கு நல்ல பயிற்சி. அங்கே யாரும் அவசரப்படுவதில்லை. அழைப்புக்குறியை எப்படிச் சொல்கிறார்கள், மங்கலான குரலை எப்படித் திருப்பிக் கேட்டு உறுதி செய்கிறார்கள் என்று கவனியுங்கள்.

கிளப்பில் போட்டி மட்டும்தான் நடக்கும் என்றில்லை. ஆண்டெனா கட்டும் பட்டறை, ஒளித்துவைத்த ஒலிபரப்பியைத் திசை பார்த்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு, விண்வெளி நிலையத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்சில் வரும் குரலைப் பிடிப்பது என்று பல உண்டு. அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் சாரணர்களுக்கான வானலை ஜம்போரி வரும். பிள்ளைகள் மைக்கைப் பிடித்துத் திக்கித் திணறி முதல் ‘ஹலோ’ சொல்வதைப் பார்க்கவே போகலாம். ஆனால் கிளப் முழுவதும் ஒரே கூரையின் கீழ் தூக்கமில்லாமல் உட்காருவது போட்டிக்குத்தான். ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பதும் அங்கேதான் அதிகம்.

இந்தத் திறமை போட்டியோடு முடிந்துவிடுவதும் இல்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான இந்திய ஹாம் குழு ஒன்று போர்ட் பிளேரிலிருந்து உலகெங்கும் பேசிக்கொண்டிருந்தது. அந்தமானிலிருந்து அரிதாகவே யாராவது பேசுவார்கள் என்பதால் ஆயிரக்கணக்கானோர் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 26ஆம் தேதி சுனாமி வந்தது. கூட்டத்துக்குள் ஒரு குரலைப் பிரித்துப் பிழையில்லாமல் எழுதப் பழகிய அதே காதுகள், அதே கருவிகளோடு, தீவுகளிலிருந்து செய்தி அனுப்பும் வேலைக்கு அன்றே மாறின.

எந்தப் போட்டி?

முதல் போட்டிக்கு நான் சொல்வது சிக்யூ வேர்ல்டுவைட் குரல் போட்டி. அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் வரும். மோர்ஸ் தெரிந்தவர்களுக்கு அதே போட்டி நவம்பர் கடைசியில் உண்டு. இதைச் சொல்லக் காரணம், நீங்கள் அனுப்ப வேண்டிய தகவல் 48 மணி நேரமும் மாறாது. எதிர்முனை எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று சொல்லும் சமிக்ஞை அறிக்கையாக 59, போட்டிக்காக உலகைப் பிரித்திருக்கும் மண்டலங்களில் சிங்கப்பூரின் எண்ணான 28. “ஃபைவ் நைன் டூ எய்ட்”, அவ்வளவுதான். மார்ச் மாதம் வரும் டபிள்யூபிஎக்ஸ் போட்டியில் ஒவ்வொரு தொடர்புக்கும் வரிசை எண் ஏறிக்கொண்டே போகும். புதியவர் அதில் தடுமாறுவார். ஜப்பானியச் சங்கம் நடத்தும் ஆல் ஏஷியன் போட்டியில் உங்கள் வயதையே எண்ணாகச் சொல்ல வேண்டும். எதிர்முனையில் 80ஐத் தாண்டிய எண்ணைக் கேட்கும்போது எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

போட்டி உலக நேரப்படி சனிக்கிழமை பூஜ்யம் மணிக்குத் தொடங்குகிறது. நமக்கு அது சனி காலை 8 மணி. முடிவது திங்கள் காலை 8 மணி. திங்களன்று விடுப்பு எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே பாருங்கள். தீபாவளியும் குறுக்கே வரும். 2016இலும் 2019இலும் இரண்டும் ஒரே வார இறுதியில் வந்தன. வீட்டில் பேசாமல் பெயரைக் கொடுத்துவிட்டு, கடைசி நாளில் வர முடியாது என்று சொன்னால் குழுவின் நேர அட்டவணையே கலைந்துவிடும்.

மதிப்பெண் கணக்கு

புதியவர்கள் பெரும்பாலும் படிக்காமல் விடுவது இதைத்தான். ஆனால் சிங்கப்பூரிலிருந்து ஆடுகிறவருக்கு இதுதான் உயிர்நாடி.

வேறு கண்டத்து நிலையத்தோடு பேசினால் 3 புள்ளி. அதே கண்டத்தில் வேறு நாடு என்றால் 1 புள்ளி. சொந்த நாட்டு நிலையத்துக்குப் புள்ளி இல்லை. நாம் ஆசியா. ஆகவே ஜப்பான் 1, இந்தியா 1, ஐரோப்பா 3. ஜோகூரும் 1தான். ஆனால் வானொலிக் கணக்கில் இந்தோனேசியா ஓஷியானியாவைச் சேர்ந்தது! ஹார்பர்ஃபிரண்டில் படகேறி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் பாத்தாமில் ஒரு நண்பர் உட்கார்ந்திருந்தால் அவர் உங்களுக்கு 3 புள்ளி. ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோக்கியோக்காரர் 1 புள்ளி. கிழக்கு மலேசியாவும் ஓஷியானியாதான். ஆகவே கூச்சிங், கோத்தா கினபாலு நிலையங்களும் 3.

அடுத்தது மல்டிப்ளையர். ஒவ்வொரு பேண்டிலும் (10 மீட்டர், 15 மீட்டர் என்று அலைநீளத்தால் அழைக்கப்படும் அலைவரிசைப் பகுதி) நீங்கள் பேசிய நாடுகளின் எண்ணிக்கையையும் மண்டலங்களின் எண்ணிக்கையையும் கூட்டி, அந்தத் தொகையால் மொத்தப் புள்ளியைப் பெருக்குவார்கள். எண்களை வைத்தே பார்ப்போம். உங்களிடம் 700 புள்ளி, 90 மல்டிப்ளையர் இருக்கிறது என்று வையுங்கள். மதிப்பெண் 63,000. இன்னொரு ஜப்பான் நிலையத்தை எழுதினால் கூடுவது 90. இன்னொரு ஜெர்மன் நிலையத்தை எழுதினால் 270. ஆனால் அந்த பேண்டில் இதுவரை பேசாத வேறு கண்டத்து நாடு ஒன்று கிடைத்தால் ஒரே அழைப்பில் 973. மண்டலமும் புதியது என்றால் 1,676. மெல்லிய குரலில் கேட்கும் ஓர் ஆப்பிரிக்க நிலையத்துக்காக மூத்தவர் ஐந்து நிமிடம் பொறுமையாகக் காத்திருப்பது இதற்காகத்தான்.

சொந்த நாட்டுக்குப் புள்ளி இல்லை என்று மற்றொரு 9வி நிலையத்தை ஒதுக்கிவிட வேண்டாம். ஒவ்வொரு பேண்டிலும் அது நாடு ஒன்று, மண்டலம் ஒன்று என்று மல்டிப்ளையரில் சேரும். ஆனால் அதற்காகப் போட்டி நேரத்தில் வாட்ஸ்அப்பில் “15 மீட்டருக்கு வா” என்று செய்தி அனுப்பக் கூடாது. தொடர்பை வானொலிக்கு வெளியே கேட்டு வாங்குவது விதிமீறல்.

இந்தக் கணக்கு எதிர்ப்பக்கத்துக்கும் பொருந்தும். சிங்கப்பூரிலிருந்து வானில் இருக்கும் நிலையங்கள் குறைவு. பின்லாந்திலும் பிரேசிலிலும் உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் ஒரு மல்டிப்ளையர். உங்கள் நடுங்கும் முதல் குரலை அங்கே ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு தேடுகிறார். தயக்கம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டெனா, வீவக வீடு, இடி

நம்மில் பெரும்பாலோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் இருக்கிறோம். கூரையில் கோபுரம் எழுப்ப முடியாது. கிளப் ஒன்றுகூடி ஒரே இடத்தில் ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டிலிருந்து முயன்று பார்க்க விரும்புகிறவர்கள் 10 மீட்டர் பேண்டில் தொடங்கலாம். ஆண்டெனாவாகப் பயன்படும் அரை அலைக் கம்பியின் நீளம் மீட்டரில் வேண்டுமென்றால் 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 28.5க்கு 5 மீட்டர், 21.3க்கு 6.7, 14.2க்கு 10. ஐந்து மீட்டர் கம்பியை வரவேற்பறைக் கூரையோரமாக மூலைவிட்டமாக இழுத்துவிடலாம். ஜன்னலுக்கு வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள். மேலிருந்து பொருள் விழுந்தால் ஓர் உயிர் போகலாம், சட்டமும் விடாது. குறைந்த சக்தியில் பேசுங்கள், கம்பியருகே யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் இரைச்சலைக் குறைக்க வேண்டும். எல்இடி விளக்கு, போன் சார்ஜர், மடிக்கணினி அடாப்டர் ஒவ்வொன்றையும் அணைத்துவிட்டு வாங்கியின் ஊசியைப் பாருங்கள். என் வீட்டில் மீன்தொட்டி விளக்கு ஒன்றை அணைத்ததும் 15 மீட்டர் முழுவதும் தெளிந்தது. அதுவரை மூன்று மாதம் ஆண்டெனாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பி, கனெக்டர், இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் எல்லாவற்றுக்கும் சிம் லிம் டவர் போதும். ஒரு சனிக்கிழமை மதியம் மாடி மாடியாக ஏறி இறங்கினால் பாதிப் பட்டியல் முடிந்துவிடும்.

பூங்காவிலோ கடற்கரையிலோ கம்பம் நட்டுக் கிளப் ஆடுவதாக இருந்தால் உரிம நிபந்தனைகளைப் படியுங்கள், இடத்துக்கு அனுமதி கேளுங்கள், மரத்தில் கயிறு எறியாதீர்கள்.

அடுத்தது இடி. இதில் நான் கண்டிப்பானவன். அக்டோபர், நவம்பர் நமக்குப் பருவமழை மாறும் காலம். மதியம் தாண்டியதும் இடியும் மின்னலுமாக வானம் கறுக்கும். பெரிய போட்டிகள் இரண்டும் அந்த நேரத்தில்தான் வருகின்றன. வானிலை ஆய்வகத்தின் மழை ரேடார் படத்தை ஒரு திரையில் எப்போதும் திறந்து வையுங்கள். மேகம் நெருங்கினால் எத்தனை பேர் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு, ஆண்டெனா வயரை உருவுங்கள். வெளியிடத்தில் என்றால் கம்பத்தை விட்டு விலகிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். “இன்னும் ரெண்டே ரெண்டு” என்று கெஞ்சுகிறவர் எந்தக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

நாற்காலியில் உட்காரும்போது

முதலில் கணினிக் கடிகாரம். யாரோடு எப்போது பேசினோம் என்று குறித்துவைக்கும் பதிவு மென்பொருள் உலக நேரத்தில் ஓட வேண்டும். ஒரு முறை நாங்கள் அதைச் சரிபார்க்காமல் ஒரு மாலை முழுதும் சிங்கப்பூர் நேரத்தில் எழுதிவிட்டோம். பிறகு ஒவ்வொரு வரியையும் எட்டு மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் என்1எம்எம் லாகர் பயன்படுத்துகிறார்கள். இலவசம். முந்தின வாரமே வீட்டில் நிறுவி, கற்பனைத் தொடர்புகளாக ஐம்பது எழுதிப் பழகிவிட்டு வாருங்கள்.

உரிமம் இன்னும் வராதவர்கள் பதிவெழுதும் நாற்காலியில் உட்காரலாம். இரண்டாவது ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே, பேசுகிறவர் பிடித்த அழைப்புக்குறி சரிதானா என்று பார்ப்பது சின்ன வேலை இல்லை. நான் முதல் நாள் செய்தது அதுதான்.

உரிமம் உள்ள புதியவர், தானாகக் கூப்பிடுவதற்கு முன், தேடிப் பிடிக்கும் முறையில் தொடங்க வேண்டும். பேண்டின் ஒரு முனையிலிருந்து மெதுவாகத் திருப்பிக்கொண்டு போங்கள். “சிக்யூ கான்டெஸ்ட்” என்று யாரோ கூப்பிடுவது கேட்கும். சிக்யூ என்றால் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்ற பொது அழைப்பு. உடனே பதில் சொல்லாதீர்கள். அவருடைய அழைப்புக்குறியை முழுமையாகக் கேளுங்கள், எழுதுங்கள். அடுத்த முறை அவர் சொல்லும்போது எழுதியது சரியா என்று பாருங்கள். அவர் எந்த எண் அனுப்புகிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பான் என்றால் 25, ஜெர்மனி 14, இந்தியாவும் இலங்கையும் 22. பிறகு உங்கள் அழைப்புக்குறியை மட்டும், ஒரே ஒரு முறை, ‘நைன் விக்டர் ஒன்’ என்று ஒலிப்பெயர்களோடு சொல்லுங்கள். அவருடையதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம், அது அவருக்குத் தெரியும். அவர் உங்கள் குறியையும் எண்ணையும் சொல்வார். உங்கள் குறியில் ஓர் எழுத்து தவறினாலும் திருத்துங்கள். பிறகு “தேங்க்யூ, ஃபைவ் நைன் டூ எய்ட்”. மொத்தம் பத்து விநாடிகூட ஆகாது.

புரியவில்லையென்றால் “அகெய்ன், அகெய்ன்” என்று கேளுங்கள். ஊகித்து எழுதாதீர்கள். போட்டி நடத்துபவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் வரும் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் எழுதிய குறி தவறென்றால் அந்தத் தொடர்பு போவதோடு அபராதமாகவும் புள்ளி கழியும். அதே நிலையம் அதே பேண்டில் மறுபடி கூப்பிட்டால் வாதாடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அபராதம் இல்லை, நேரமும் மிச்சம்.

அப்படி ஐம்பது, அறுபது பேரைப் பிடித்த பிறகு வாய் பழகிவிடும். அப்போது காலியான இடம் ஒன்றில் “இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு நீங்களே சிக்யூ கூப்பிடலாம். ஒரே நேரத்தில் இருபது குரல்கள் மேலே விழும். பயம் வரும். முழுக் குறியும் தேவையில்லை. இரண்டு எழுத்து பிடிபட்டால் அதைச் சொல்லுங்கள், மற்றவர்கள் நிறுத்துவார்கள். யாரைத் தொடங்கினீர்களோ அவரை முடித்துவிட்டு அடுத்தவருக்குப் போங்கள். பாதியில் உரக்கக் கத்துகிறவருக்கு இடம் கொடுத்தால் கூட்டம் கட்டுப்பாட்டை மீறிவிடும்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒருவர், உங்கள் உச்சரிப்பைக் கேட்டு, “வணக்கம்” என்று சொல்லக்கூடும். 21 மெகாஹெர்ட்சில் அந்த ஒரு சொல் தரும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நீங்களும் வணக்கம் சொல்லி எண்ணைக் கொடுங்கள். ஊர்க்கதையைத் திங்கட்கிழமைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிறையப் பேர் காத்திருப்பார்கள்.

எந்த நேரத்தில் எங்கே

காலை 8 மணிக்குப் போட்டி தொடங்கும்போது 10, 15 மீட்டரில் வட அமெரிக்காவின் மேற்குக் கரை கேட்கும். அது 3 புள்ளி என்பதால் விடாதீர்கள். நண்பகலில் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் ஐரோப்பா திறக்கும். அந்த நான்கைந்து மணி நேரம்தான் எங்கள் மதிப்பெண்ணில் பெரும்பகுதி. அந்த நேரத்தில் அனுபவமுள்ளவரை நாற்காலியில் வைத்துவிட்டு, சாப்பாட்டை முன்னதாகவே முடித்துக்கொள்கிறோம். இரவில் 20 மீட்டருக்கும் 40 மீட்டருக்கும் இறங்குவோம். 80, 160 மீட்டரில் வெப்பமண்டல இடியின் கரகரப்பு அதிகம் என்பதால், சில மல்டிப்ளையர்களுக்காக மட்டும் போய் வருவோம்.

சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2019இல் சூரியன் அடங்கிக் கிடந்தது; 10 மீட்டர் பெரும்பாலும் மௌனம். 2024 வாக்கில் சுழற்சி உச்சத்துக்கு வந்தபோது அதே 10 மீட்டரில் இடம் பிடிக்கவே போராட வேண்டியிருந்தது. ஆகவே பழைய ஆண்டின் திட்டத்தை அப்படியே எடுத்து வைக்காதீர்கள்.

குழுவில் இருக்கும்போது பிரிவின் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் சேர்ந்து ஒரே ஒலிபரப்பியில் ஆடும் பிரிவில் பேண்டு மாற்றக் கட்டுப்பாடு உண்டு. மூத்தவரிடம் சொல்லாமல் குமிழைத் திருப்பாதீர்கள். உங்கள் முறை வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே வந்து, பின்னால் நின்று கேளுங்கள். இரவு இரண்டு மணி முறைக்கு வருகிறவர் கோப்பிக்கடையில் நாலு கோப்பி-ஓ கட்டிக்கொண்டு வந்தால் எங்கள் கிளப்பில் அவருக்குத் தனி மரியாதை.

முடிந்த பிறகு

பதிவுக் கோப்பைப் போட்டி முடிந்த ஐந்து நாள்களுக்குள் அனுப்ப வேண்டும். பிரிவு, சக்தி இரண்டையும் உண்மையாகக் குறிப்பிடுங்கள். வீட்டிலிருந்து தனியாக நாற்பது தொடர்புதான் செய்தீர்கள் என்றாலும் அனுப்புங்கள். கோப்பில் கிளப் பெயருக்கென்று ஒரு வரி இருக்கிறது. எல்லா உறுப்பினர்களும் ஒரே எழுத்துக் கோர்வையில் அதை நிரப்பினால், உங்கள் சிறு மதிப்பெண்ணும் கிளப்பின் மொத்தத்தில் சேரும். அந்த வரியைக் காலியாக விட்டு எத்தனை பேர் கிளப்புக்குச் சேர வேண்டியதை இழக்க வைத்திருக்கிறார்கள் தெரியுமா!

சில மாதங்களில் முடிவு வரும். சான்றிதழ்கள் நாடுவாரியாக, பிரிவுவாரியாகத் தரப்படுகின்றன. ‘சிங்கப்பூரில் முதலிடம்’ என்று பார்த்தால், அந்தப் பிரிவில் எத்தனை பேர் ஆடினார்கள் என்பதையும் பாருங்கள். சில ஆண்டுகளில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அதனால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு இரவு தூங்காமல் சிங்கப்பூரை வானில் வைத்திருந்தவருக்கு அது சேர வேண்டியதே. ஆனால் கிளப்பின் வளர்ச்சியை அளக்க ஆசியப் பட்டியலில் எத்தனையாவது இடம், போன ஆண்டைவிடத் தொடர்புகள் கூடினவா, பிழைகள் குறைந்தனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

பிழைக்கு ஓர் அறிக்கை வரும். நீங்கள் எழுதிய தவறான குறி எது, சரியானது எது என்று வரி வரியாக இருக்கும். என் முதல் அறிக்கையில் ‘பி’யும் ‘டி’யும் மாறிய வரிகள் பல இருந்தன. அதை அச்செடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எழுத்தை எழுத்தாகக் கேட்காமல் ‘பிராவோ’, ‘டெல்டா’ என்று சொல்லாகக் கேட்கும்படி பழக்கினார். அடுத்த ஆண்டு அந்த வகைப் பிழை ஒன்றுகூட இல்லை.

48 மணி நேரம் அதிகம் என்று தோன்றினால் ஜூலையின் இரண்டாவது முழு வார இறுதியில் வரும் ஐஏஆர்யூ (பன்னாட்டு ஹாம் ரேடியோ சங்கங்களின் ஒன்றியம்) போட்டியைப் பாருங்கள். நமக்குச் சனி இரவு 8 மணிக்குத் தொடங்கி ஞாயிறு இரவு 8 மணிக்கு முடிந்துவிடும். அனுப்ப வேண்டிய எண் மட்டும் வேறு: அங்கே சிங்கப்பூர் 54.